'எஸ்டர்டே' செய்த குற்றம் என்ன?

1947-ஆம் வருஷம் வெள்ளைக்கார தர்பார் நம் தேசத்தை விட்டுக் கப்பலேறிற்று. துரைகள் போனார்கள், துரைசானிகளும் போனார்கள். ஆனால், "ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே" என்று ஒரு பையன் வாய் தவறிச் சொன்னதும் கூடத்திலிருப்பவர்கள் கொல்லென்று சிரிக்கும் வழக்கம் மட்டும் போகக் காணோம். பையனுடைய முகம் சுண்டிப் போகிறது. அன்று மூடிய வாயை அப்புறம் நாலு பேர் நடுவில் திறக்கவே அவன் அஞ்சுகிறான். "இதில் என்ன தப்பு?" என்று கேட்டாலோ, சிரித்தவர்களில் பலருக்குப் பதில் தெரியாது. "எஸ்டர்டே வந்தால் ஹாவ் வரக் கூடாது, அவ்வளவுதான்" என்பார்கள். இது விதி, காரணம் ஆகுமா?

பையன் என்ன செய்தான் என்று பார்ப்போம். "போன வருஷம் அவரைத் திருச்சியில் பார்த்திருக்கிறேன்" என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம். தமிழில் அது வழு அல்ல. 'பார்த்திருக்கிறேன்' என்பதற்கு 'ஹாவ் ஸீன்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே வைத்துவிட்டான். ஆங்கிலத்திலோ 'ஹாவ்' என்பது நிகழ்காலச் சொல். இன்றைய திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் பேச்சு அது. "ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி இந்த நிமிஷம் வரையில் கிடைக்கவில்லை என்று பொருள். 'எஸ்டர்டே' என்று சொன்னவுடனே அந்த நாளின் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. சாத்திய கதவுக்குள் நடந்ததற்கு 'ஐ ஸா ஹிம்' என்பதே சரி.

இந்த விதி மனித ஜாதிக்கெல்லாம் பொதுவானதோ என்றால், இல்லை. ஜெர்மானியர்கள் 'நான் அவனை நேற்றுப் பார்த்திருக்கிறேன்' என்ற அமைப்பிலேதான் தினந்தோறும் பேசுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே. "ஐ ஆம் லிவிங் ஹியர் ஸின்ஸ் டென் இயர்ஸ்" என்று நம்மவர் சொல்வதும் ஜெர்மன் வாக்கியத்தின் அச்சுதான். அவர்களும் 'பத்து வருஷமாக இங்கே வசிக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வார்கள். அமெரிக்கர்களோ, ஆங்கிலேயர் 'ஹாவ் யூ ஈட்டன் ஆல்ரெடி?' என்று கேட்கும் இடத்தில், 'டிட் யூ ஈட் ஆல்ரெடி?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பார்த்து நம் கூடத்தில் யாரும் சிரிப்பதில்லை!

காலம் எத்தனை என்று கேட்டால் தொல்காப்பியர் மூன்று என்றார். நம் குழந்தைகள் ஆங்கிலத்தில் பன்னிரண்டு என்று ஒப்பிக்கிறார்கள். உண்மையில் ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் இரண்டே: 'ஸீ' ஒன்று, 'ஸா' ஒன்று. எதிர்காலத்துக்கென்று அதற்குத் தனி விகுதி கிடையாது. 'வில்' என்பது ஆதியில் 'விரும்புகிறேன்' என்று பொருள்பட்ட சொல். 1795-ஆம் வருஷம் லிண்ட்லி மரே என்பவர் இங்கிலாந்தில் வெளியிட்ட பிரசித்தமான இலக்கணத்தில் லத்தீனைப் பின்பற்றிக் காலம் ஆறு என்று வகுத்தார். அந்த மரேயோ அமெரிக்காவில் பிறந்து வக்கீல் தொழில் பார்த்தவர். நம் நாட்டுப் பிள்ளைகளை இன்றளவும் நடுங்க வைக்கும் ரென்–மார்ட்டின் இலக்கணத்தின் ரென் துரையும், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-இல் எழுதியவர்தான். இலக்கணப் புத்தகத்தில் அந்த ருசியில் கொஞ்சம் கலந்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

"தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ" என்பதில் நாளைய காரியத்துக்கு நிகழ்காலம் வரலாமா என்பது இன்னொரு சந்தேகம். சமையலறையிலிருந்து "இதோ வந்துவிட்டேன்!" என்று குரல் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வருகிறவர்களுக்கு இந்தச் சந்தேகமே வரக் கூடாது! விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலே இடம் கொடுத்திருக்கிறார். ரயில் புறப்படுவது கால அட்டவணைப்படி நிச்சயமான சங்கதி. ஆகவே அதைத் தெளிவின் பாற்படுத்திவிடலாம். நம் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடியதை, பன்னிரண்டு கட்டம் போட்டு மனப்பாடம் செய்விப்பானேன்?

சொற்களின் வரிசைக்கு வருவோம். 'ராமன் ராவணனைக் கொன்றான்' என்றாலும், 'ராவணனை ராமன் கொன்றான்' என்றாலும் மாண்டவன் ராவணனே. 'ஐ' என்னும் உருபு அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்திலே இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் ராமாயணமே கவிழ்ந்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஆங்கிலத்துக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. பெயருக்கு முன்னால் வரும் 'தி' கூட வேற்றுமைக்குத் தக்கபடி உருமாறிற்று. துணை வாக்கியங்களில் வினை நம்முடையதைப் போலக் கடைசியில் போய் நிற்பதும் சகஜம். பிற்பாடு விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. யார் கொன்றவன், யார் மாண்டவன் என்று சொல்லும் உத்தியோகம் வரிசையின் தலையில் விழுந்தது. 'ஹீ', 'ஹிம்' போன்ற சில சொற்களில் மட்டும் பழைய வேற்றுமையின் சுவடு தங்கியிருக்கிறது.

கேள்வி கேட்பதற்கு நமக்கு ஓர் 'ஆ' போதும். 'எங்கே' என்ற சொல் இருந்தால் அதுவும் வேண்டாம். வரிசையைத் தொட வேண்டியதே இல்லை. அதனால்தான் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்று நம் வாயில் வருகிறது. ஆங்கிலம் இங்கே வினையை எழுவாய்க்கு முன்னே தள்ளி 'வேர் ஆர் யூ கோயிங்?' என்கிறது. தள்ளுவதற்குத் தக்க துணைவினை இல்லாவிட்டால் 'டூ' என்பதைக் கடன் வாங்குகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தக் கடன் கட்டாயமாக இருக்கவில்லை, 'நோ யூ?' என்றே கேட்கலாம்.

இதைக் கற்றுக்கொண்ட பையன் அடுத்த பள்ளத்தில் விழுகிறான். 'ஐ டோன்ட் நோ வேர் ஆர் யூ கோயிங்' என்கிறான். 'நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியாது' என்பது கேள்வியல்ல. கேள்வியை வயிற்றில் வைத்திருக்கும் சாதாரண வாக்கியம். உள்ளே இருப்பதைப் புரட்டாமல் 'வேர் யூ ஆர் கோயிங்' என்றே விட்டுவிட வேண்டும். பையனிடம் நாம் சொல்லக்கூடிய உபாயம் ஒன்றுதான். தமிழில் அந்த இடத்தில் 'என்று' வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், அவன் முதலில் சொல்லித் திட்டு வாங்கினானே, அந்த வரிசையே அங்கே சரியான வரிசை.