காக்கை உட்கார்ந்ததாலா பனம்பழம் விழுந்தது?



உயர் நீதிமன்ற உத்தரவின்படி 7-5-2024 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 1-4-2025 முதல் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மறுநாள் மாவட்டத்தில் கடையடைப்பு நடந்தது. "இ-பாஸால் வியாபாரம் படுத்துவிட்டது" என்றோம். அவலாஞ்சி, எமரால்டு கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் அடியேனும் அப்படியே சொன்னேன்.

பொருளாதாரம் படிக்கும் என் பேரன், "குறைந்ததில் இ-பாஸால் குறைந்தது எவ்வளவு தாத்தா?" என்று கேட்டான். பதில் இல்லை. சென்ற மே மாதத்தோடு இந்த மே மாதத்தை ஒப்பிட்டால் போதாது. இடையில் மழை, காய்கறி விலை, தேயிலை விலை எல்லாம் மாறியிருக்குமே!

அவன் ஒரு வழி சொன்னான். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு அறிஞர்கள், இரு பக்கமும் 400-க்கு மேற்பட்ட உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்தார்கள். ஒரு பக்க மாற்றத்திலிருந்து மறுபக்க மாற்றத்தைக் கழித்தார்கள். கூலி உயர்வால் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. இத்தகைய ஆய்வுகளுக்காக 2021-ல் கார்டு நோபல் பரிசு பெற்றார்.

இதையே நம் பேரேட்டில் செய்யலாம். உதாரணமாக, சுற்றுலாச் சாலைக் கடைக்கு 100 மூட்டை போன இடத்தில் 70 போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் ஜனங்களையே நம்பிய கிராமக் கடைக்கு 100 போன இடத்தில் 90. அந்த 10 எல்லோருக்கும் பொதுவான மந்தம். மீதி 20 மட்டுமே இ-பாஸ் கணக்கில் பற்று எழுதத்தக்கது.

இரண்டு எச்சரிக்கைகள். முந்தைய ஆண்டுகளில் அவ்விரு கடைகளும் சேர்ந்தே ஏறி இறங்கினவா என்று பார்க்க வேண்டும். ஏற்காட்டோடு ஒப்பிடக்கூடாது, இங்கு வராத வண்டி அங்கே போயிருக்கலாம்.

மலை எவ்வளவு வண்டி தாங்கும் என்று ஆராய, சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் ஐ.ஐ.எம். நிறுவனங்கள் நியமிக்கப்பட்டன. அவர்கள் கணக்கோடு வரும்போது நாம் கோஷத்தோடு மட்டும் போனால் எடுபடாது. ஆகவே உறுப்பினர்கள் மாதவாரி விற்பனையை இன்றே தனித்தாளில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.