முதலாளிமாரிடமிருந்து முதலாளிமாருக்கு: பாமன்கடையைக் கடந்து போகும் பஸ்களின் கதை

சென்ற மாதம் ஒரு காலை, பாமன்கடைச் சந்திக்குக் கிட்ட உள்ள தரிப்பிடத்தில் அம்மா ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார். ஏற முற்பட்டார் என்பதே சரி. ஒரு கால் மிதிபலகையில் இருக்கும்போதே, பின்னால் அதே இலக்கத்தில் இன்னொரு பஸ் வருவதைக் கண்ட சாரதி வண்டியை எடுத்துவிட்டார். அம்மா வீதியோரத்தில் விழுந்தார். முழங்காலில் காயம், மணிக்கட்டில் வீக்கம். "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று உள்ளே கத்திக்கொண்டிருந்த கொண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் பக்கத்து ஒழுங்கை அங்கிள் சுகம் விசாரிக்க வந்தார். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வயது 85. "சவுத் வெஸ்டர்ன் காலத்தில எண்டா கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதலாம் பிள்ளை. இப்ப ஆருக்கு எழுதுவாய்?" என்றார்.

என் வயதுக்காரருக்கு சவுத் வெஸ்டர்ன் என்ற பெயர் எதையும் நினைவூட்டாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைத் தேடப் போய்த்தான் அம்மா விழுந்ததன் காரணம் ஒரு சாரதியின் அவசரத்தைவிடப் பழையது என்று விளங்கியது.

இலங்கையில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியது 1907இல். ஆரம்ப காலத்தில் பஸ் வாங்கப் பணம் உள்ளவர் வாங்கி ஓட்டினார். நேர அட்டவணை, கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது. ஆட்கள் நிறைந்த வீதிகளில் ஒரே பயணிக்காக இரண்டு மூன்று பஸ்கள் அடித்துப் பிடித்தன. சில இடங்களில் அது உண்மையான அடிதடியாகவும் முடிந்தது. இதை ஒழுங்குபடுத்த 1942இல் பஸ் சேவை அனுமதிப்பத்திரக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் உள்ளடக்கம் எளிமையானது: ஒரு வழித்தடம் ஒரு கம்பனிக்கு. தனித்தனியாக ஓடிய உரிமையாளர்கள் சேர்ந்து வரையறுத்த கம்பனிகளாக மாற வேண்டியதாயிற்று.

அப்படி எழுந்த பெருங்கம்பனிகளில் ஒன்றுதான் சவுத் வெஸ்டர்ன். கொழும்பிலிருந்து தெற்கே கரையோரமாகப் போகும் பாதை அதன் ஆட்சி. வெள்ளவத்தையின் காலி வீதியும் அதற்குள் அடக்கம். ஹைலெவல் வீதிக்கு அந்த வீதியின் பெயரிலேயே வேறொரு கம்பனி இருந்தது. கமினி, எபர்ட் சில்வா என்று இன்னும் பல கம்பனிகள் நாட்டைப் பங்குபோட்டிருந்தன.

சவுத் வெஸ்டர்னின் முதலாளி சேர் சிரில் டி சொய்சா. களுத்துறையில் சட்டத்தரணியாக இருந்து பஸ் தொழிலுக்கு வந்தவர். ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். பின்னர் செனட் சபையின் தலைவர். இன்றும் காலி வீதியால் தெற்கே போகும் பஸ்கள் களுத்துறைப் பாலத்தடியில் நிற்பதையும், உண்டியலில் காசு போடுவதற்காகக் கொண்டக்டர் இறங்குவதையும் கண்டிருப்பீர்கள். அந்த வெள்ளரசைப் பராமரிக்கும் நம்பிக்கை நிதியத்தின் பின்னால் இருந்தவரும் இவர்தான். கம்பனி மறைந்துவிட்டது, உண்டியல் இருக்கிறது.

அங்கிள் சொல்வதுபோல் அது பொற்காலமா? அப்படி நான் நினைக்கவில்லை. கம்பனிகள் இலாபம் தரும் பாதையில், இலாபம் தரும் நேரத்தில் மட்டும் ஓடின என்பதே பொதுவான முறைப்பாடு. இரவு பஸ்ஸும் உட்கிராமத்து பஸ்ஸும் அவர்களுக்கு நட்டக்கணக்கு. 1948இல் இரத்தினம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என்று பத்து ஆண்டுகளுக்குள் மூன்று ஆய்வுகள் இந்தத் துறையைப் புரட்டிப் பார்த்தன. பஸ் முதலாளிமாருக்கு அரசியலில் இருந்த செல்வாக்கு, முக்கியமாக ஐ.தே.க.வில், இடதுசாரிகளுக்கும் பண்டாரநாயக்காவின் கூட்டணிக்கும் நல்ல தேர்தல் கோஷமானது. 1958 ஜனவரி 1ஆம் திகதி கம்பனிகள் எல்லாம் ஒரே நாளில் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குள் போயின. அப்போது போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்க.

சிங்கள நண்பர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் முதலாளித்துவத்தின் தோல்வியாகச் சொல்கிறார்கள். தமிழருக்கு அதே ஆண்டின் பஸ் வேறொன்றையும் நினைவூட்டுகிறது. வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து 1957இல் வந்துவிட்டது. 1958 மார்ச்சில், புதிதாக அரசுடைமையான பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதக் கலவரம் வெள்ளவத்தையையும் விட்டுவைக்கவில்லை. அங்கிளுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. "பஸ் எங்கட எண்டு சொன்னாங்கள். எங்கட எழுத்து அதில இல்லை" என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் இ.போ.ச.வை அதோடு தள்ளிவிட முடியாது. உச்சத்தில் ஏறத்தாழ 7,000 பஸ்களை அது வைத்திருந்தது. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களைக் கொண்டுவந்து கொழும்பில் ஓட்டியது. வெரஹெரவில் பெரிய வேலைத்தளம் அமைத்தது. (சாரதி அனுமதிப்பத்திரத்துக்காக நாங்கள் போய்க் காய்வதும் அதே வெரஹெரவில்தான்.) எல்லாவற்றையும்விட முக்கியமானது, நட்டம் தரும் பாதையிலும் பஸ் போனது. பள்ளிப் பிள்ளைகளின் சீசன் ரிக்கட் அந்தக் காலத்தின் சொத்து. ஒரு தனியார் பஸ்ஸில் சீசனைக் காட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சபையைக் கெடுத்தவை பலருக்கும் தெரிந்தவை: கட்சிக்காரருக்கு வேலை, உதிரிப்பாகத் தட்டுப்பாடு, கட்டுப்படியாகாத கட்டணம். 1978இல் அதைப் பிராந்தியச் சபைகளாகப் பிரித்தார்கள். 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. 1990களில் டிப்போக்கள் ‘மக்கள்மயம்’ என்ற பெயரில் கம்பனிகளாக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் சட்டம் எல்லாவற்றையும் திரும்ப ஒரு சபையாக்கியது.

இவற்றில் 1979தான் அம்மாவை விழுத்தியது. திரும்பி வந்தவை 1958இல் போன கம்பனிகள் அல்ல. ஒரு பஸ், ஒரு முதலாளி, ஒரு வழித்தட அனுமதிப்பத்திரம். அதாவது நாடு 1942க்கு முந்திய நிலைக்குப் போனது. பொதுவாக அன்றைய வசூலில் முதலாளிக்குரிய தொகையும் டீசல் காசும் போக மிஞ்சுவதுதான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும். மாதச் சம்பளமோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாமலே பலர் வேலை செய்கிறார்கள். ஆகவே தரிப்பிடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் அவர்களுடைய இரவுச் சாப்பாட்டின் ஒரு துண்டு. பின்னால் வரும் பஸ் அதைப் பறிக்க வருவது.

பாமன்கடையில் பத்து நிமிடம் நின்றால் இது முழுதாகத் தெரியும். ஹொரணையிலிருந்து பிலியந்தலை, கொஹுவல வழியாக வரும் 120 ஹெவ்லொக் வீதிக்குள் நுழைகிறது. வெள்ளவத்தைக்கும் நாரஹேன்பிட்டிக்கும் இடையே 141 குறுக்கே போகிறது. முன் பஸ் ஆமைபோல் ஊர்ந்து ஆள் சேர்க்கும். பின் பஸ்ஸின் தலை தெரிந்ததும் பறக்கும். சந்தியில் கொப்பியோடு நிற்கும் ‘டைம் கீப்பர்’, முன்னால் போன பஸ் எத்தனை நிமிடத்துக்கு முன் போனது என்று சொல்லிக் கொண்டக்டரிடம் சில்லறை வாங்கிக்கொள்வார். ஒரு கம்பனியின் கந்தோர் செய்யவேண்டிய வேலையை, வெயிலில் நிற்கும் ஒரு மனிதர் கைக்காசுக்குச் செய்கிறார்.

இதே வெள்ளவத்தையில் இதற்கு மாறான ஒன்றும் இருக்கிறது. பின்னேரத்தில் காலி வீதியில் இருந்து வெளிக்கிடும் யாழ்ப்பாண பஸ்கள். 1990இல் யாழ்தேவி நின்று, 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. இடையில், 2002இல் திறந்து 2006இல் மூடி, போருக்குப் பின் மறுபடி திறந்த ஏ9 வீதியில் பஸ்தான் எங்களைச் சுமந்தது. அவற்றுக்குப் பெயர் உண்டு, முற்பதிவு உண்டு, ஆசன இலக்கம் உண்டு, பிழை நடந்தால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு கடை உண்டு. ஆசனம் ஏற்கெனவே விற்றுவிட்டதால் தரிப்பிடத்தில் ஆள் பிடிக்க ஓடவேண்டிய தேவை குறைவு. இரவில் அவை ஓடும் வேகம் தனிக்கதை. அதை நான் நியாயப்படுத்தவில்லை.

1955 என்ற முறைப்பாட்டு இலக்கம் பற்றி நினைப்பீர்கள். அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவினுடையது. அதன் அதிகாரம் முக்கியமாக மாகாணம் விட்டு மாகாணம் போகும் பஸ்கள் மீது. ஹொரணை–கொழும்பு மேல் மாகாணத்துக்குள்ளே ஓடுவது. அதற்குப் பொறுப்பு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. எதுவானாலும் முதலில் கேட்பது பஸ்ஸின் பதிவு இலக்கம். விழுந்தவரைத் தூக்கும்போது அதை யார் பார்ப்பது?

2025 ஆகஸ்டில் இ.போ.ச.வையும் தனியார் பஸ்களையும் ஒரே கூட்டு நேர அட்டவணையில் ஓட்டும் திட்டத்தை எதிர்த்து இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அவர்களின் பயங்களில் நியாயம் இருக்கலாம். ஆனால் அட்டவணை மட்டும் வந்து, சம்பளம் தொடர்ந்து வசூலில் தொங்கினால், ஹெவ்லொக் வீதியில் என்ன மாறும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அம்மாவின் வீக்கம் வற்றிவிட்டது. சந்தைக்கு இப்போது ஓட்டோவில் போய் வருகிறார். பஸ் காசைப்போல் எத்தனை மடங்கு என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்.