உங்களுக்குத் தெரியுமா? சாவியைத் திருப்பினால் 'டக்'... அப்புறம் நிசப்தம்!

வீட்டிலேயே ஹாரனோ ஸ்டீரியோவோ மாட்டிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லையா?

• நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போதாது.

• வோல்ட் சரி, ஆனால் 'டக்' சத்தம் மட்டுமா? ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். லூசான டெர்மினலும் துருவேறிய எர்த் வயரும் அதற்கு ஈடுகொடுக்காது. ஹெட்லைட் மட்டும் எரியும்.

• சத்தமே இல்லையா? பியூஸைப் பாருங்கள். போனதற்குப் பதில் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால் வயரிங்கே கருகிவிடும்.

• பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில்; மாட்டும்போது கடைசியில். இப்படிச் செய்தால், பாசிட்டிவில் வேலை செய்யும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது!