தரகர் யாருக்காகப் பேசுகிறார்?

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை வேடிக்கை பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. தரகர் தன் கையையும் வியாபாரியின் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்துத்தான் தொகை சொல்வார். சொந்தக்காரர் கேட்பது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. வாங்குகிறவர் எதுவரை ஏறுவார் என்று சொந்தக்காரருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் தரகர்தான். ஒரு காலத்தில் மாடுகள் கைமாறிய மதுரை மாட்டுத்தாவணியைச் சுற்றி இன்று மனைகளும் வீடுகளும் கைமாறுகின்றன. விலையை மறைத்துப் பேசுகிற பழக்கமோ அப்படியே இருக்கிறது.

1999இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் வந்தது. 2004 ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. இலந்தைக்குளத்தில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. உலகனேரி, உத்தங்குடி, ஒத்தக்கடை, வண்டியூர் பக்கமெல்லாம் வயலும் கண்மாய்ப் பாசனமுமாக இருந்த இடங்கள் வீட்டுமனைகளாயின. இந்தப் பகுதியில் வீடு தேடும் குடும்பம் தரகர் இல்லாமல் நகர்வது கடினம். எந்தத் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்த வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்காக விற்கிறார், எந்தச் சந்தில் லாரி நுழையாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நேர்மையாகத் தொழில் செய்கிற தரகர் வாங்குகிற கமிஷன் உழைப்புக்கான கூலி. அதைக் கொடுக்கத் தயங்கக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி, அவருடைய வருமானம் எந்த வழியில் வருகிறது என்பது. வழிகள் இரண்டு. ஒன்று, விலையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்று பேசி வாங்குவது. இதற்குச் சட்டம் விகிதம் எதுவும் வைக்கவில்லை, பேசுவதுதான் கணக்கு. மற்றது, சொந்தக்காரரிடம் ஒரு விலையை முடித்துக்கொண்டு, அதற்கு மேல் விற்பதைத் தானே எடுத்துக்கொள்வது. ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் எதிர்பார்ப்பது 52 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தரகர் உங்களிடம் 60 லட்சம் என்கிறார். இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் அவருக்குக் கிடைப்பது 1 லட்சத்து 20 ஆயிரம். நடுவில் ஒளிந்திருப்பதோ 8 லட்சம். “உங்களுக்காகப் பேசி 59க்குக் குறைத்துவிட்டேன், கமிஷன்கூட வேண்டாம்” என்று அவர் சொன்னால் நமக்கு மனம் குளிர்ந்துவிடும். குளிரக் கூடாது. கமிஷனே வேண்டாம் என்கிற தரகரிடம்தான் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது வழியில் இறங்கியவர் தரகரே அல்ல, அவர் வியாபாரி. சொந்தக்காரருக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருப்பார், அல்லது பவர் எழுதி வாங்கியிருப்பார். அப்படிச் செய்வது தானாகவே குற்றமாகிவிடாது. ஆனால் உங்கள் தரகர் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது. ஒருவருக்கு முகவராக இருப்பவர், அவருக்குத் தெரியாமல் அதே வியாபாரத்தைத் தன் கணக்கில் நடத்தி லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முகவரை வைத்தவர் கேட்டு வாங்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இதை நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொந்தக்காரரை நேரில் பார்த்து, அவர் வாயால் விலையைக் கேட்டுவிட வேண்டும். “ஓனர் துபாயில் இருக்கிறார், எல்லாம் நான்தான்” என்றால் காணொளி அழைப்பில் பேசலாம். அதற்கும் வழியில்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடலாம். ஊரில் வேறு வீடு இருக்கிறது.

பவர் பற்றி இன்னொன்று. பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொன்னது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். எனவே பவர் ஏஜென்டிடம் வாங்குகிறவர், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. 2016இல் நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் ரெரா, ஏஜென்ட்களும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சம்பந்தப்பட்ட சொத்து விலையில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்தக் கட்டாயம், நிறுவனங்கள் விற்கும் ரெரா பதிவு பெற்ற புதிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் மட்டும்தான். கே.கே.நகரில் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை விற்கும்போது நடுவில் நிற்கும் தரகரை இந்தச் சட்டம் தொடாது. மாட்டுத்தாவணிப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கைமாற்றித் தருகிற தரகரிடம் பதிவு எண் கேட்டுப் பயனில்லை. அவர் முன்பு முடித்துக் கொடுத்த இரண்டு மூன்று வீடுகளின் முகவரியைக் கேட்டு, அங்கே குடியிருப்பவர்களிடம் போய் விசாரிப்பதுதான் சரியான சோதனை.

புதிய மனை என்றால் கதை வேறு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககமும் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரைமுறைப்படுத்த அரசு வழி செய்தது. “இதுவும் சீக்கிரம் அப்ரூவல் ஆகிவிடும்” என்று தரகர் சொன்னால், எந்தத் தேதியில் விற்ற மனை என்று திருப்பிக் கேளுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு நியோமேக்ஸ் வழக்கும் ஒரு பாடம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு 2023இல் வழக்குப் பதிந்தது. அதிக வட்டியும் நிலமும் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது புகார். தீர்ப்பு நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் இம்மாதிரித் திட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர் பெரும்பாலும் உறவினராகவோ, உடன் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். தெரிந்த முகம் என்பதாலேயே யாரும் பத்திரத்தைக் கேட்பதில்லை.

பத்திரம் பார்க்கும் வேலையைத் தரகரிடம் விடக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். “லீகல் எல்லாம் கிளியர், நம்ம வக்கீலே பார்த்துவிட்டார்” என்பார். நம்ம வக்கீல் என்பவர் தரகரின் வக்கீல். உங்களுக்கு ஒருவர் தனியாக வேண்டும். பதிவு அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையல்ல என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது.

பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், பட்டாவையும் அப்படியே. ஆனால் வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டும். அசல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் அது அதில் வராமல் போகலாம். அப்பா இறந்தபின் அண்ணன் தம்பிகள் மட்டும் கூடி விற்கும் வீட்டில் அக்கா தங்கைகளின் பங்கும் அதில் வராது. தமிழ்நாடு 1989இலேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுதும் சட்டமானது. வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அசலைக் கண்ணால் பார்க்காமல் டோக்கன் கொடுக்கக் கூடாது. கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதைப் பழைய நில அளவைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மதுரையில் கட்டாயம். வைகைக்கு வடக்கே ஊருக்கு ஊர் கண்மாய். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் வட்டாரம் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். வாங்கப்போகும் தெருவை ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பணப் பேச்சில் தரகர் கடைசியாகக் கொண்டுவருவது, வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுக்கிற யோசனை. முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் என்பது பெரிய தொகைதான். ஆனால் பத்திரத்தில் விலை குறைந்தால் வங்கிக் கடன் குறையும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும். வியாபாரம் முறிந்தால் கையில் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. வீட்டு விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகும். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டவும் வேண்டும்.

முன்பணத்தைச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தரகர் கணக்குக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். வெள்ளைத் தாளில் எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். தரகரோடும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: கமிஷன் எவ்வளவு, விற்பவரிடமும் வாங்குகிறாரா, கிரயம் நடக்காவிட்டால் என்ன, சொத்தில் அவருக்கு வேறு லாபம் இல்லை. நல்ல தரகர் இதில் கையெழுத்திடத் தயங்கமாட்டார். கமிஷனைப் பத்திரப் பதிவு முடிந்த அன்றைக்கே, பேசியபடி, வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால், பதிவு பெற்ற ஏஜென்ட் மீது ரெரா ஆணையத்திடமும், மற்றவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் போகும்போது அவர் உங்களுக்காக வேலை செய்தார் என்பதற்கு அந்த ரசீதும் அந்த ஒரு பக்கமும்தான் ஆதாரம்.