தோளை மூடினால்தான் பேதுரு வாசல் திறக்கும்

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா கிளம்பும் நம் குடும்பங்களின் பெட்டியில் ஊறுகாய், பருப்புப் பொடி, எலெக்ட்ரிக் குக்கர் எல்லாம் இருக்கும். பயணத்துக்கென்றே வாங்கிய அரைக்கால் டவுசரும் இருக்கும். வம்பு அதில்தான்.

வாட்டிகனில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. ஆனால் தோளும் முழங்காலும் தெரியக் கூடாது, ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். ஜூலை மாத ரோமில் வெயில் 35 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் சதுக்கத்து வரிசையில் ஊர்ந்து, பாதுகாப்புச் சோதனையையும் முடித்துப் படியேறும்போது காவலர் உடையைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்துவார். கெஞ்சிப் பயனில்லை. இதை நம்பியே வெளியே சால்வை விற்கிறார்கள்.

நம் பெண்களுக்குப் பெரிய கவலையில்லை. சுடிதார் என்றால் கேள்வியே எழாது. கையில்லாத ரவிக்கையானாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் ஆயிற்று. மாட்டிக்கொள்கிறவர்கள் ஐயாக்கள். வேளாங்கண்ணிக்கு வேட்டி மடிப்புக் கலையாமல் போகிறவர், 'வெளிநாடுதானே' என்று முழங்கால் தெரிய வந்து நிற்பார். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் மறக்காமல் கேட்பார். அங்கே கழற்றுவதில்லை.

இத்தனை கெடுபிடி செய்யும் இடத்தில், பக்கத்திலேயே சிஸ்டைன் சிற்றாலயத்தில் நிர்வாண உருவங்கள் சுவரை நிறைத்திருக்கின்றனவே என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சுவரும் தப்பவில்லை. மைக்கலாஞ்சலோ 1541-இல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் இடுப்புக்குத் துணி வரையும் வேலை, அவர் இறந்த மறு வருடமே, 1565-இல், தானியேலே தா வோல்தெர்ரா என்ற ஓவியரிடம் வந்தது. நல்ல ஓவியர், பாவம். ஊர் அவருக்குக் 'கால்சட்டைக்காரர்' என்று பட்டம் கட்டிவிட்டது. பேதுரு பேராலயத்துக்குள்ளேயே திருத்தந்தை மூன்றாம் பவுலின் கல்லறையில், நீதியை உருவகிக்கும் பளிங்குப் பெண் சிலைக்கு உலோகத்தில் ஓர் ஆடை செய்து மாட்டியிருக்கிறார்கள். பளிங்குக்கே அந்த விதி என்றால் நாம் எம்மாத்திரம்?

'கடவுள் துணியையா பார்க்கிறார்? 1917-ஆம் வருடத் திருச்சபைச் சட்டத்தில் இருந்த பெண்களுக்கான முக்காடு 1983 சட்டத்தில் காணாமல் போகவில்லையா?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

எனக்கு உடையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இந்த ஆலயங்கள் மெல்ல மெல்லக் காட்சிச் சாலைகளாகிக்கொண்டிருக்கின்றன. ரோமிலுள்ள பாந்தியன், 609-ஆம் ஆண்டு முதல் ஆலயம். 2023 ஜூலையில் அங்கே பார்வையாளருக்கு 5 யூரோ கட்டணம் வந்தது. மிலான் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கவும் வெனிஸ் புனித மாற்கு பேராலயத்துக்குள் நுழையவும் டிக்கெட். பராமரிப்புச் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் கையில் இருப்பவருக்கு இது தான் காசு கொடுத்து வந்த இடம். பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுப்பார், வழிகாட்டியின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நடப்பார். முழங்காலிட்டிருக்கும் உள்ளூர்ப் பாட்டி, அவருடைய படத்துக்கு இடைஞ்சல். வாசலில் போர்த்திய சால்வையை உள்ளே போனதும் உருவிப் பையில் திணித்துவிட்டுப் படத்துக்கு நிற்பவர்களையும் பார்க்கலாம். அந்தச் சால்வை தவிர, 'இது வழிபடும் இடம்' என்று பயணியிடம் சொல்ல அங்கே வேறென்ன மிச்சம்?

இன்னமும் ஏதோ இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பேதுரு பேராலயத்தின் வலப்பக்கத்தில் நற்கருணைச் சிற்றாலயத்தைத் திரை போட்டு மறைத்திருக்கிறார்கள். ஜெபிக்கப் போகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி. படம் எடுக்கக் கூடாது. பாந்தியனிலும் திருப்பலிக்கு வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. மிலானில் ஜெபிக்க வருகிறவர்களுக்கென்று தனி வாசலே உண்டு, டிக்கெட் வேண்டாம். ஆனால் அந்த வழியாகப் போனால் மொத்த ஆலயத்தையும் சுற்றிப் பார்க்க முடியாது. நம் சுற்றுலாக் குழுக்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அங்கும் உடை விதி அதேதான்.