பற்களை ஆய்வு செய்ய மாணவர் வரும்போது: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்துள்ள இடங்கள் பல உள்ளன. அதனால் போச்சம்பள்ளி போன்ற வட்டாரங்களில் பல் மருத்துவ மாணவர்கள் ஆய்வுக்காகப் பள்ளிகளுக்கோ வீடுகளுக்கோ வந்து குழந்தைகளின் பற்களைப் பார்ப்பதுண்டு. அவர்கள் ஏன் வருகிறார்கள், நீங்கள் எதைக் கேட்கலாம், உங்கள் பிள்ளையும் அத்துறையில் சேர விரும்பினால் வழி என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மாணவர் எதைத் தேடுகிறார்?

ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் ஃபுளூரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகினால், பல்லின் மேற்பூச்சான எனாமல் சரிவர உருவாவதில்லை. பல் முளைக்கும்போதே வெண்கோடுகளோ வெண்திட்டுகளோ தென்படும். பாதிப்பு மிகுந்தால் பழுப்புக் கறையும் சிறு குழிகளும் தோன்றும். இதுவே பல் ஃபுளூரோசிஸ். பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான காலமே இதற்கு முக்கியமானது.

இக்கறை பல் துலக்காததால் வருவதன்று, பிறருக்குத் தொற்றுவதுமன்று. சாம்பல், செங்கல் தூள், உப்பு ஆகியவற்றால் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் தேயும். கறையைக் காரணம் காட்டிக் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். வாயைப் பொத்திச் சிரிக்கும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது, தவறு தன்னுடையதன்று என்னும் தெளிவு.

ஆய்வினால் என்ன பயன்?

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-இல் பணி தொடங்கிய இளம் பல் மருத்துவர் பிரெடெரிக் மெக்கே, அவ்வூரார் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு காரணம் தேடினார். குடிநீரிலுள்ள ஃபுளூரைடே காரணம் என்பது 1931-இல் உறுதியானது. இந்தியாவில் இந்நோய் 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பதிவு செய்யப்பட்டது. எந்த ஊரில், எத்தனை குழந்தைகளுக்கு, எந்த அளவில் பாதிப்பு என்று எண்ணிப் பார்த்தவர்களால்தான் நீரில் இருந்த குறை வெளிப்பட்டது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஃபுளூரோசிஸைக் குறைக்கும் நோக்கத்துடன் அமைக்கப்பட்டதே. அது 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இன்று மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சி பெறப் பல வாய்ப்புகள் உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆராய்ச்சி மாணவர் திட்டத்தில், மருத்துவ, பல் மருத்துவ இளநிலை மாணவர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் இரண்டு மாதங்கள் ஆய்வு செய்கின்றனர்.

ஒப்புதல் அளிக்கும் முன் கேளுங்கள்

• மாணவர் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்? வழிகாட்டும் பேராசிரியர் யார்?
• ஆய்வுக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி அளித்துள்ளதா?
• குழந்தையின் பெயரும் படமும் வெளியாகாமல் எவ்வாறு காக்கப்படும்?
• சிகிச்சை தேவையெனத் தெரிந்தால் எங்களுக்கு யார் தெரிவிப்பார்?

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்க இயலாதவர்களுக்குச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். பெற்றோரின் ஒப்புதலுடன், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தையின் இசைவும் பெறப்பட வேண்டும். நீங்கள் மறுக்கலாம், இடையில் விலகவும் செய்யலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

இவ்வகைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு பற்களைப் பார்ப்பதே நிகழும். ஊசி போடுவதோ பல்லைப் பிடுங்குவதோ இதன் பகுதியன்று. ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய கருவியைக் கிருமி நீக்காமல் மற்றொரு குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆய்வு என்பது சிகிச்சையன்று

ஆய்வு முடிந்ததும் குழந்தையை அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இலேசான கறையைப் பல் மருத்துவர் மெருகேற்றிக் குறைக்க இயலும். ஆழமான கறைக்கும் குழிகளுக்கும் பல்நிறப் பூச்சோ உறையோ பொருத்தலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு ஏற்கத்தக்கது; வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது.
• நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு நீங்காது.
• மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.
• வீட்டில் பெரியவர்களுக்கு முதுகுவலியோ மூட்டு இறுக்கமோ நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுங்காலம் இந்நீரைப் பருகினால் எலும்பும் பாதிக்கப்படலாம்.

‘நானும் பல் மருத்துவர் ஆக வேண்டும்’ என உங்கள் பிள்ளை கூறினால்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டுகளும், அதன்பின் ஓராண்டு கட்டாய உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு, 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவம், பல் மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

வந்திருக்கும் மாணவரிடமே இப்படிப்பைப் பற்றிப் பேசுமாறு பிள்ளையை ஊக்குவியுங்கள். கறை படிந்த பற்களுடன் வளர்ந்த ஒருவர் பின்னாளில் மருத்துவராகத் திரும்பி வந்தால், இவ்வூர்க் குழந்தைகள் வாய் திறக்கத் தயங்குவது ஏன் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிராது.