சட்டைத் துணி எங்கே எடுக்கலாம்?

போனஸ் கைக்கு வந்ததும் துணிக்கடைக்குக் கிளம்பும் மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை.

சென்ற தீபாவளிக்கு முன் தாராவி அன்பர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகனுக்கு நடைபாதைக் கடையில் சட்டைத் துணி 2 மீட்டர் வாங்கினார். தையற்காரர் அளந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார். துணியின் பன்னா 36 அங்குலந்தான்! முழுக்கைச் சட்டைக்கு அதில் இரண்டரை மீட்டர் வேண்டும். 58 அங்குலப் பன்னாவானால் சுமார் 1.6 மீட்டரே போதும். பையன் பழைய சட்டையோடு பண்டிகை கொண்டாடினான்.

ஆகவே, விலையைக் கேட்குமுன் பன்னாவைக் கேளுங்கள். சொல்லும் விலை மீட்டருக்கா, கெஜத்துக்கா என்பதையும் கேளுங்கள். கெஜம் 36 அங்குலம், மீட்டரோ 39.37 அங்குலம்.

கிராபர்டு மார்க்கெட் அருகிலுள்ள மங்கள்தாஸ் மார்க்கெட்டில் பல ரகத் துணிகளும் சில்லறையாகக் கிடைக்கும். சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஞாயிறு விடுமுறை என்பதை மறந்து அலைய வேண்டாம். பக்கத்து முல்ஜி ஜேட்டா மார்க்கெட் பெரும்பாலும் மொத்த வியாபாரத்துக்கு. மாதுங்கா, தாராவிவாசிகளுக்குத் தாதர் கிழக்கிலுள்ள ஹிந்த்மாதா கடைகள் கிட்டம்.

பருத்திதானா என்று சந்தேகமா? ஓர் இழையை வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தியானால், தைக்கக் கொடுக்குமுன் ஒரு முறை நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது சட்டையாவதற்கு முன்பே சுருங்கட்டும்!